வெயிலில் வைத்த குருவிகள்

போன பங்குனியில், என் மருமகள் ஒரு மாதமாகச் செதுக்கி வைத்திருந்த மரக்குருவிகளை அவளைக் கேட்காமல் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். அத்தனையும் பிளந்துபோயின. பிறகு அவற்றைப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நடமாடினேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் வீடு. கீழே நானும் மனைவியும், மாடியில் மகனும் மருமகளும். அடுப்பு ஒன்றுதான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து, சாப்பிடும்போது, "இனிமே கொஞ்ச நாள் மரம் செதுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். மகன் தலையாட்டியதைப் பார்த்தால் அவனுக்கு முன்பே தெரியும் என்று புரிந்தது. என் மனைவி, "கையை வெட்டிக்காம செய்ம்மா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் அது ஒரு தடவையோடு போய்விடும். சொல்லாமல் முகத்தை வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வேலை செய்யும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டது பச்சை மரம். கடையில் விற்கும் காய்ந்த பலகை இல்லை. அன்றோ முந்தின நாளோ வெட்டியது, தொட்டால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டுகிற கிளை. கரன்ட் கம்பியில் உரசுகிறது என்று எங்கள் தெருவில் அவ்வப்போது மரங்களைக் கழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவாள். பெரும்பாலும் வேம்பு, சில நேரம் புங்கை. அதில் குருவி, மீன், இலை என்று கட்டைவிரல் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பொருள்கள் செய்வாள். ஜன்னலிலோ வாசலிலோ நூலில் கோத்துத் தொங்கவிடலாம். கையடக்கமாக ஒரு கத்தி, ஒரு மரச்சுத்தி, விரலில் சுற்ற மருந்துக்கடை பிளாஸ்திரி, மாடி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் அவளுடைய பட்டறை.

பொத்தேரியில் புது ஃபிளாட் வாங்கியிருந்த ஓர் அம்மா, காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை, தன் கிருகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் ஆளுக்கொரு மரக்குருவி போட வேண்டும் என்று கேட்டார். மருமகளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். இது நல்லபடியாக முடிந்தால் அவள் தொடர்வாள். முடியாவிட்டால், பழைய மேனேஜர் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருந்தார். இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. மேனேஜர்தான்.

செதுக்கி முடித்த குருவிகளை அவள் காகிதப் பைகளில், அவற்றிலிருந்து சீவி எடுத்த செதிள்களோடு சேர்த்துப் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி மாடிப்படிக்கு அடியில் வைப்பாள். வெளிச்சமும் காற்றும் அதிகம் படாத இடம். மெதுவாகக் காய வேண்டுமாம். "அந்தப் பெட்டியை யாரும் தொட வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னாள். பொதுவாக என்றால் என்னைப் பார்த்து.

அன்று மகனும் அவளும் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு குருவியின் கழுத்தடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஈரத்திலேயே கிடந்தால் பூக்காமல் என்ன செய்யும் என்று தோன்றியது. மேலே மனைவி ஜவ்வரிசி வடாம் இட்டுக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் எந்தப் பொருளும் வெயில் பட்டால்தான் தேறும் என்று ஒரு நம்பிக்கை. வடாம், மிளகாய், ஊறுகாய் ஜாடி, குழந்தை நனைத்த மெத்தை, எல்லாம் மாடிக்குத்தான் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பழைய வேட்டியை விரித்து, வடாமுக்குப் பக்கத்திலேயே குருவிகளைப் பரப்பினேன்.

"அவளைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டாச்சு" என்றேன்.

உதவி செய்யத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவள் வாரக்கணக்கில் பொத்திப் பொத்திச் செய்கிற ஒன்றை நான் ஒரே பகலில் முடித்துக் காட்ட வேண்டும் என்பது மீதிப் பாதி. சாயங்காலம் அவள் வந்து, "அட, காஞ்சுடுச்சே மாமா" என்று சொல்வது வரை மனத்தில் ஓட்டிப் பார்த்திருந்தேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குத் தெரியாத விஷயமே இல்லை இது. கொதிக்கிற நீரைத் தடித்த கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் ஏன் வெடிக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் சட்டென்று மாறி, மறுபக்கம் மாறாமல் நின்றால், நடுவில் விரிசல்தான். மேல்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரமாக இருக்கிற மரத்துக்கும் அதே கதி. பாடமாக இருந்தவரை எனக்கு அது தெரிந்திருந்தது.

மத்தியானம் கீழே நாற்காலியில் கண்ணசந்திருந்தேன். மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அது தூரப் போனதும், மாடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பல்லி என்றுதான் நினைத்தேன். ஏறிப் போய்ப் பார்த்தபோது, குருவிகள் வரிசையாக அலகிலிருந்து வால் வரை பிளந்து கிடந்தன. சிலதில் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. வடாம் மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது.

நான் செய்த அடுத்த காரியம் முதல் காரியத்தைவிட மோசம். அவற்றைப் பொறுக்கி, பைகளில் போட்டு, பெட்டியை அதே இடத்தில் அதே பக்கம் திருப்பி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் பெட்டியைத் திறந்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. நான் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க ஃபிசிக்ஸ் ஆச்சே. ஒண்ணு ரெண்டு பிளக்கும், ஒத்துக்கறேன். எப்படி எல்லாமே பிளக்கும்?"

"பச்சை மரம்னா அப்படித்தான்ம்மா" என்றேன்.

"கிளைக்குள்ள ஓடற நடுத்தண்டை நான் ஒழுங்கா எடுக்கலையோ? இல்ல, மரமே கோளாறா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அன்று சாயங்காலம் பிரதோஷம். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜருக்கு எழுதறேன்" என்றாள், நான் கேட்காமலேயே. "பழைய டீம்லயே இடம் இருக்காம். அந்த அம்மாவுக்கும் முடியலைன்னு சொல்லிடணும். நீங்க நினைச்சது சரிதான் மாமா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான். நினைச்சீங்க."

ஒரு வருஷமாக எதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேனோ அது தானாக நடந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஏதோ ஒரு கடையில் வாங்கின சரக்கு மட்டம் என்று கண்டுபிடித்தவள் பார்ப்பது போல. அதை என்னால் பார்க்க முடியவில்லை. மனசாட்சிதான் பேச வைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கோயிலிலிருந்து மனைவி வந்ததும் வெயில் பேச்சு எப்படியும் வெளியே வரும் என்ற பயமும் கூட இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"மரத்து மேல தப்பில்லைம்மா. நான்தான் மாடியில வெயில்ல வச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"குருவிங்களை. நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப."

"தொட வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னே."

"அத்தை ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டா. உன்னைக் கேட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டேன். பிளந்தப்புறம் பெட்டியில திருப்பி வச்சதும் நான்தான்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய், குப்பைக்கூடைப் பக்கம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு குருவியை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வெடிப்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்று நகத்தால் தடவினாள். "அப்போ என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள் மெல்ல. ஒரு பெருமூச்சு விட்டாள். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் பார்த்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வருமே, அந்த மூச்சு. லேப்டாப்பை மூடினாள்.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. நன்றாகவே வந்தது. "காலைலேருந்து பச்சைத்தண்ணி குடிக்கலை தெரியுமா?" என்றாள். மத்தியானம் காபி குடித்தாள், ஆனால் திருத்தும் நிலையில் நான் இல்லை. "இந்த வீட்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது" என்றாள். கடைசியாகத் தன் போனை என் முன்னால் வைத்தாள். "அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

இத்தனை வயதில் முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிப் பேச வேண்டியிருந்ததில்லை.

"வணக்கம்மா. குருவி செய்யற பொண்ணோட மாமனார் பேசறேன்."

"சொல்லுங்க சார். ரெடி ஆயிடுச்சா?"

"ஆயிருந்துச்சு. நான் கொண்டுபோய் வெயில்ல காயவச்சுட்டேன். எல்லாம் வெடிச்சுப் போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நீங்க ஏன் சார் காயவச்சீங்க?"

"தெரியும்னு நினைச்சு வச்சேன்ம்மா."

அவர் பக்கத்தில் யாரிடமோ, 'எல்லாம் போச்சாம்' என்று சொல்வது கேட்டது. பிறகு, "ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே சார்" என்றார். நியாயமான எரிச்சல். மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, "என் மாமியார் என்னோட முகூர்த்தப் பட்டுப் புடவையை வாஷிங் மெஷின்ல போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நான்தான் போட்டேன்னு சாதிக்கறாங்க. நீங்க பரவாயில்லை" என்றார். "முடிஞ்ச வரைக்கும் குடுங்க. வர்ற குழந்தைங்களுக்காவது ஆளுக்கு ஒண்ணு இருந்தா போதும்."

போனை வைத்தபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மருமகள் சிரிக்கவில்லை. ஆனால் தோசைக்கு என்ன தொட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் காலை வராந்தாவில் இரண்டாவது நாற்காலி கிடந்தது. அதன் மேல் ஒரு கத்தி, ஒரு சுருள் பிளாஸ்திரி, கீழே மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேப்பங்கிளை.

"குழந்தைங்களுக்குன்னா என் ஒருத்தி கையால ஆகாது. உக்காருங்க மாமா."

முதல் பாடம் பிளப்பது. கிளைத் துண்டை நிறுத்தி, தலையில் கத்தியை வைத்து, சுத்தியால் தட்டினால் அது ஒரு முனகலோடு இரண்டாகும். நடுவே பென்சில் ஈயம் கனத்தில் மெத்தென்று ஒரு தண்டு ஓடும். அதை முழுக்க எடுத்துவிட வேண்டும். அது உள்ளே இருந்தால் சுற்றியிருக்கும் மரம் அதைச் சுற்றி இறுகும்போது பிளந்துவிடும். எனக்கு உடனே இதற்கு ஒரு விளக்கம் நாக்கு நுனியில் வந்தது. "மாமா, ஃபிசிக்ஸ் அப்புறம். கட்டைவிரல் எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள்.

பச்சை மரத்தில் கத்தி போவது வெள்ளரிக்காயில் போவது போல இருந்தது. அழுத்தினால் ஓரத்தில் நீர் கசிந்தது. மாங்காய்த் தோல் சீவுகிற மாதிரி, கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுக்க வேண்டும். இழை ஓடுகிற பக்கம் சீவினால் சுருள் சுருளாக வரும். எதிர்ப்பக்கம் சீவினால் பெயர்ந்துகொண்டு வரும். எந்தப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். குருவியின் முதுகில் பாதி வரை ஒரு திசை, அதற்கப்புறம் மறு திசை. இதை என் கை கற்றுக்கொள்வதற்குள் பல குருவிகள் தலையை இழந்தன. கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். அப்படியும் சாம்பார் சாதம் கசந்தது.

என் முதல் முழுக் குருவியைப் பார்த்து மனைவி, "இது எந்த ஊர் கத்திரிக்காய்?" என்றாள். பாதி செதுக்கியவை காயாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தோம். "மாவு டப்பா பக்கத்துல விறகு. மாமனாரும் மருமகளும் சேர்ந்தா வீடு உருப்படும்" என்று சொல்லிக்கொண்டே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "என்னையும் சேர்த்தில்ல கெட்டவளாக்கப் பாத்தீங்க" என்றாள். 

நாளாக ஆக வேலை தானாகப் பங்கு பிரிந்தது. பிளப்பது, தண்டை எடுப்பது, முட்டை வடிவத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. கழுத்து, அலகு, வால் அவளுடையது. பேசாமல் வேலை செய்வோம். இதற்கு முன்பும் பேசாமல்தான் இருந்தோம், ஆனால் அது வேறு. ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: "ஆஃபீஸ்ல நாள் பூரா வேலை செஞ்சுட்டு வந்தா, இன்னிக்கு என்ன செஞ்சேன்னு காட்ட ஒண்ணும் இருக்காது மாமா. இது இருக்குல்ல, கையில வச்சுப் பாக்கலாம்." இதை அவள் ஒரு வருஷத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருப்பாள். நான் கேட்கிற முகத்தோடு இருந்திருந்தால்.

காயவைக்கும் வேலையை அவள் என்னிடமே கொடுத்தாள்.  செதிள்களோடு பையில் போட்டு, படிக்கடியில் வைத்து, தினம் காலையில் சமையலறைத் தராசில் நிறுப்பேன். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். அதுவரை கை வைக்கக் கூடாது. என்னைப் போன்றவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "வடாம் எடுத்துட்டு மாடிக்குப் போறேன். வேற ஏதாவது காயவைக்கணுமா?" என்று மனைவி தினமும் கேட்டாள்.

சிலது மயிரிழையாக விரிசல் விட்டன. மற்றவை தேறின. நான் அலகு வரை ஒண்டியாகச் செய்த ஒன்றை மருமகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குருவி இல்ல. ஆனா ஏதோ ஒரு பறவைதான்" என்று சொல்லிப் பெட்டியில் போட்டாள்.

கிருகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் நாங்கள் இருவருமே ரயிலில் பொத்தேரிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த அம்மா ஒரு குருவியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எவ்ளோ வழவழன்னு இருக்கு" என்றார். என்னைப் பார்த்து, "வெயில்காரர் நீங்கதானா சார்?" என்றார். தன் தங்கைக்கும் பண்டிகைக்கு வேண்டுமாம், மருமகளின் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். மருமகள் தலையை ஆட்டின வேகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

திரும்பும்போது ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரத்தைக் கழித்துப் போட்டிருந்தார்கள். விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. இலையும் தழையுமாக ஒரு நீளக் கிளையோடு பிளாட்பாரத்தில் நின்றோம்.

"மேனேஜர் நேத்து மறுபடி கூப்பிட்டார்" என்றாள்.

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன சொன்னே?" என்றேன்.

"வேற ஆள் பாத்துக்கங்கன்னுட்டேன்."

பார்த்தால், எனக்கு வருத்தமே இல்லை.  அவள் திரும்பிப் போயிருந்தால், ஒவ்வொரு நாள் காலையிலும் டிபன் பையோடு அவள் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருப்பேன். அது இனி இல்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தடவை முகத்தையும் அதே மாதிரி, சரி என்று சொல்லும்படி வைத்துக்கொள்ள முடிந்தது.

ரயிலில் கிளையை வைக்க இடமில்லை. காலடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னா சார், வேப்பந்தழை? அம்மனுக்கா?"

"இல்லக்கா, குருவிக்கு" என்றாள் மருமகள்.

"குருவிக்கா? அதுக்கு நீ இன்னாத்துக்கு கொம்பு தூக்கினு வர? அதுவே மரத்துல போய் குந்திக்காதா?"

ரயில் பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூக்காரம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "வூட்ல பேத்திக்கு அம்மா போட்டுகீது. ரெண்டு கொத்து குடேன்" என்றாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கிளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தேன். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் கூடை நிறைந்து, கிளை மொட்டையாகிவிட்டது.

"இறங்குங்க மாமா, தாம்பரம் வந்துடுச்சு" என்றாள் அவள், கிளையின் தடித்த பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு.